அம்மாவுக்குள் இரும்பு

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு அப்போது ஒரே விஞ்ஞானி நான்தான். பழைய ஸ்பீக்கரை உடைத்து எடுத்த காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. பட்டம், ஆய்வுக்கூடம் எல்லாம் அதுவே. கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையோரம் அதைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பினால் ஆணியும் இரும்புத்தூளும் ஒட்டி முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு வரும்.

தங்கை பிறந்த பிறகு அம்மா எழுந்து நின்றாலே சுவரைப் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்த நர்ஸம்மா, "இரும்புச் சத்து மாத்திர. தெனம் போடு, வுட்றாத" என்று கொடுத்துவிட்டுப் போனார். இரும்பு என்ற சொல் போதாதா எனக்கு? அம்மா தூங்கும்போதெல்லாம் வயிற்றில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். வளையலில் தொங்கும் ஊக்குகள்தான் பாய்ந்து வந்து ஒட்டின. வயிறு கண்டுகொள்ளவில்லை.

மறுபடி வந்த நர்ஸம்மா, "மாத்திர போட்டுக்கினு கீறியா?" என்று கேட்க, அம்மா தலையாட்டினாள். நான் விடுவேனா?

"பொய்யி! அம்மாக்குள்ள இரும்பே இல்ல. நான் செக் பண்ட்டேன்."

நர்ஸம்மா சிரிக்கவில்லை. அம்மாவின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. "புள்ள சொல்றது சரிதாம்மே. மாத்திர எங்க?"

பதில் எங்களோடு இருந்த அத்தையிடமிருந்து வந்தது. "கறுப்பா வெளிக்கிப் போவுதாம். ஒரே சூடு. பாலு சுண்டிச்சின்னா கொயந்தைக்கு நீயா குடுப்ப?"

"மாத்திர போட்டா அப்டித்தாங்கா போவும். பாலுலாம் சுண்டாது. இவ மயங்கி வியுந்தா கொயந்தைய யாரு தூக்குவா?"

அம்மா தங்கையைப் பார்த்தாள். அரிசி டப்பாவுக்குள்ளிருந்து மாத்திரை அட்டை வெளியே வந்தது.

அதன்பிறகு தினமும் சாப்பாடு முடிந்ததும் அம்மா என் எதிரிலேயே மாத்திரையை விழுங்குவாள். நான் காந்தத்தை வைப்பேன்.

"இன்னாடா, ஒட்டிச்சா?"

"இல்லம்மா."

"அப்ப நாளைக்கும் போடணும் போலகீதே."

எனக்கு அலுத்துவிட்டது. காந்தம் செத்துவிட்டது என்று அறிவித்துவிட்டு மூலையில் போட்டேன். இதற்குள் அம்மா சுவரை மறந்துவிட்டு, இடுப்பில் தங்கையும் கையில் குடமுமாக நடமாட ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"டேய் விஞ்ஞானி, இன்னிக்கு வச்சிப் பாரு."

வைத்தேன். புடவைக் கொசுவத்தின் மேல் டக்கென்று ஒட்டியது!

"எங்கம்மாக்கு இரும்பு ஏறிடுச்சி!" என்று லாரி ரோடு வரை கத்திக்கொண்டே ஓடினேன். டிரைவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

அம்மாவின் வளையலில் எப்போதும் தொங்கும் ஊக்குகள் அன்று அங்கே இல்லை. அது மட்டும் விஞ்ஞானியின் கண்ணில் படவேயில்லை.