உப்புப் பார்க்க முடியாத கஞ்சி

கமாலுக்குத் தெரிந்த தொழில் பஞ்சர் ஒட்டுவது. தண்டையார்பேட்டையில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற சாலையோரத்தில் அவர் கடை. எவ்வளவு பெரிய டயரானாலும் அலட்டிக்கொள்ளாமல் கழற்றிப்போடுவார். வேறு எந்த வேலையைச் சொன்னாலும் முதலில் முடியாது என்பார்.

இரண்டாயிரத்து இரண்டில், நோன்பு மாதத்தின் நடுவில், பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிற மதார் சாகிப் காலில் கொதிதண்ணீர் கொட்டிப் படுத்துவிட்டார். வருஷாவருஷம் அவருக்கு அடுப்பெரித்துக் கொடுத்தவர் கமால். எல்லார் கண்ணும் அவர்மேல் போனது. பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் அவரையே காய்ச்சச் சொல்லிவிட்டார்.

"ஹஜ்ரத், நான் வெறகு தள்ற ஆளு. கஞ்சி தேக்சாவுல இன்னா போடறாங்கன்னுகூட சரியா பார்த்ததில்ல. ஜனம் பகல் பூரா பச்சத்தண்ணி இல்லாம மூட்டை தூக்கிட்டு வருது. அதுங்க வாயில நான் எதையாவது ஊத்தி வெச்சா?"

"லாரி வராத நாள்ல உன் வூட்டு அடுப்பு அணைஞ்சுதா?" என்றார் ஹஜ்ரத்.

"இல்ல."

"அதே அல்லாதான் இதுக்கும். வேலையைக் குடுத்துட்டு கையைக் குடுக்காம வுட மாட்டான். போ, பிஸ்மி சொல்லிப் பத்த வை."

கமால் பற்றவைத்தார். நொய்யரிசி, பாசிப்பருப்பு, இஞ்சி பூண்டு, வெந்தயம் எல்லாம் கேட்டுக் கேட்டுப் போட்டார். உப்பையும் அரிசியோடு போட்டுவிட்டார். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார். ஒரு சொட்டு உள்ளே இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று கமாலுக்குப் பயம். மதார் சாகிப்போ வாசனையிலேயே உப்புச் சொல்லிவிடுவார். கமால் குனிந்து குனிந்து முகர்ந்தார். புகைதான் மூக்கில் ஏறியது.

அசர் பாங்கு சொல்லிவிட்டு வந்த மோதினாரைக் கிண்டச் சொல்லிவிட்டு, கமால் அந்த மாலைத் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்தபோது, மோதினார் தேங்காய்ப்பால் ஊற்றிவிட்டிருந்தார்; கஞ்சி இறக்குகிற பதத்தில் இருந்தது. மீன் விற்கிற கன்னியம்மா தூக்குவாளியோடு நின்றாள். காய்ச்சலாகக் கிடந்த பேரனுக்காகத் தினமும் கூட்டத்துக்கு முன்பே வந்து வாங்கிப் போவாள். மோதினார் ஊற்றியதை விரலால் தொட்டு வாயில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னா பாய், காசிமேட்டுக் கடலயே மொண்டு ஊத்திகினியா?"

கமால் தேக்சாவை எட்டிப் பார்த்தார். "அளவாத்தானே போட்டேன்."

"நீ போட்டியா?" என்றார் மோதினார். "மதார் பாய் எப்பவும் தேங்காப்பாலுக்கு அப்புறம்தானே போடுவாரு. பயத்துல நீ மறந்துட்டன்னு நெனச்சி நானும் போட்டுட்டேன்பா."

மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரப்பே, நான் முடியாதுன்னு சொன்னேனே என்று மனசுக்குள் ஆரம்பித்த கமால், அதை முடிக்கவில்லை. முடியாது என்று தெரிந்தே கூப்பிட்ட இறைவனிடம் அதையே திரும்பச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"சும்மா நின்னுகினு கீறியே. பாதிய வேற ஏனத்துல ஊத்தி, ரெண்டுலயும் அரிசியும் தண்ணியும் வுடு, சரியாப் பூடும்" என்றாள் கன்னியம்மா.

"இவ்ளோ பெரிய ஏனத்துக்கு எங்கம்மா போறது?"

"எங்க ஆத்தா கோயில்ல ஆடிக்குக் கூழு ஊத்தற அண்டா கீது. தரட்டுமா, வாணாமா?"

கமால் மோதினாரைப் பார்த்தார். "அலசினா எல்லாம் பாத்திரந்தான்யா, எடுத்தாரச் சொல்லு" என்றார் அவர்.

அரிசி? மறுநாளுக்கு வைத்திருந்தது பாதிக்குக்கூடப் போதாது. சேதி கேட்டு வந்த கமாலின் மனைவி அஜீசுன்னிசா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்துக்குள் இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் தம்ளரும் படியுமாக அள்ளிப் போட்டார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

செங்கல் அடுக்கி இரண்டாவது அடுப்பு மூட்டுவதில் கமாலுக்குத் தயக்கமே இல்லை. தீ அவர் சொன்னபடி கேட்டது. இரண்டு அடுப்புக்கும் நடுவில் கன்னியம்மா கரண்டியோடு உட்கார்ந்து ருசி பார்த்தாள்.

"இன்னும் கீது பாய்... இன்னும் கொஞ்சம் தண்ணி வுடு... ம், இப்போ சரி. வாயில வெக்கலாம்."

சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நோன்பு திறக்கிற பாங்கு ஒலித்தது. கமால் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டபடியே வரிசையைப் பார்த்தார். துறைமுகத்து ஆட்கள் கிண்ணத்தை வாயோடு வைத்து ஊதி ஊதிக் குடித்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்து பாய்" என்றார் கடைசியில் ஒருவர்.

இரண்டாம் தடவை ஊற்றியும் மிஞ்சியது. கன்னியம்மாவின் தெரு ஆட்கள் அண்டாவைத் தூக்கிப் போனபோது அது காலியாகப் போகவில்லை.

ஹஜ்ரத் கை கழுவிக்கொண்டு வந்தார். "நாளைக்கு?"

"காய்ச்சறேன் ஹஜ்ரத். உப்பு டப்பாவ மட்டும் மோதினார் கைக்கு எட்டாம வெச்சிடுங்க."

மோதினார்தான் முதலில் சிரித்தார். அஜீசுன்னிசா ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து கணவர் கையில் வைத்தாள். விடியற்காலையிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த பயம் எப்போது இறங்கியது என்று கமாலுக்குத் தெரியவில்லை. அந்த நாளில் முதல் தடவையாக அவருக்குப் பசித்தது.