மூன்று சிரட்டைத் தூள்

சென்ற வாரம் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குழாயைச் சுற்றிப் பதினொரு மாணவர்கள் நின்றார்கள். நான் இருந்தேன். ஊதுவிசிறியைப் போடவும் அணைக்கவும் லேப் உதவியாளர் இருந்தார். செல்லத்துரை இல்லை. அவன் இருக்க நியாயமும் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் வேலை பார்த்தவனுக்குப் பொறியியல் கல்லூரியில் என்ன ஜோலி? ஆனாலும், ஒரு மாணவன் கொஞ்சம் தேயிலைத் தூளைச் சூடான காற்றில் போட்டுக் கருக்கிவிட, அந்த மணம் அறை முழுக்க ஏறியதும், நான் என்னை அறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

என் பிழைப்பு இதுதான். மணியாகவோ தூளாகவோ இருக்கும் ஒன்றை ஓட்டைத் தட்டில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊத வேண்டும். காற்று குறைந்தால் அது சும்மா கிடக்கும். கூடினால் பறந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் உண்டு. அப்போது மணிகள் உலைத்தண்ணீர் மாதிரிக் குமிழியிட்டுப் புரளும். கெட்டிப் பொருள் நீரைப்போல நடந்துகொள்ளும் அந்த நிலையைத்தான் ஆய்வு மாணவனாக இருந்த நாளிலிருந்து துரத்திக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சித்தூர் பக்கத்தில் விவசாயம் பார்த்த அப்பா, பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டவர்களிடம் "காத்தப் படிக்கறானுங்க" என்பார். என் ஆய்வேட்டின் தலைப்புகூட அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

முதலில் ராகியை வைத்துத்தான் படித்தேன். ராகி உருண்டை, எல்லா மணியும் ஏறக்குறைய ஒரே அளவு, சூத்திரங்களுக்கு அடங்கி நடக்கும். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை கட்டிக்கொண்டு வருவேன். விடுதியில் பிள்ளை களி கிண்டித் தின்கிறான் என்று நினைத்திருந்த அம்மாவுக்கு ஒருநாள் விஷயம் தெரிந்துவிட்டது. "ஏஞ்சாமி, ஊட்டு ராகியக் காத்துல பறக்க உடறதுக்கா உன்னய இத்தன வருசம் படிக்க வெச்சது?" என்றாள். அடுத்த முறை பொடி மணிகளைச் சலித்து எடுத்துவிட்டு, ஒரே அளவில் பொறுக்கிய ராகியைத் தந்ததும் அவள்தான்.

ராகியில் கண்டதைத் தேயிலையில் காட்ட வேண்டும் என்று எழுபதுகளின் நடுவில் மூணாறுக்கு மேலே ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். ஒரு மூலையையும் ஒரு மாதத்தையும் கொடுத்தார்கள். என் உதவித்தொகையும் அந்த மாதத்தோடு முடிய இருந்தது. கஞ்சிக்கோட்டுப் பட்டறையில் துளை போட்டு வாங்கிய தட்டை ஜீப்பில் மடியில் வைத்து, வளைவுக்கு வளைவு கட்டிப்பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அங்கே இலையைக் காயவைக்கும் பழைய டிரையரில் ஆறு பேர் வேலை செய்தார்கள். அடுப்பில் விறகு தள்ள, ஈர இலையைத் தட்டில் பரப்ப, காய்ந்து விழுவதை வார. சங்கிலியில் தட்டுகள் ஒவ்வொன்றாகக் கவிழும் சத்தம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் கேட்கும். ஆறு பேரில் செல்லத்துரைக்கு என் வயது. துளைத்தட்டைப் பொருத்தி மூலையில் நான் நிறுத்திய தகரப்பெட்டியை இரண்டு முறை சுற்றி வந்தான்.

"சார், இது ஓடிருச்சுன்னா எங்க ஆறு பேருக்கும் சோலி இருக்குமா?"

"நான் படிப்புக்குத்தான் பண்றனுங்க. யாரு வேலையும் போகாதுங்க."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். அவர்களும் நம்பினார்கள்.

"சாரு வாயத் தொறந்தாலே ங்க ங்கன்னு கோயில் மணில்லா கேக்குது" என்று வயதில் மூத்த பரமசிவம் சொல்ல, அறையே சிரித்தது. சிரித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

பத்து நாள் பெட்டி கொதிக்கவே இல்லை. ஈரத் தேயிலை ராகி அல்ல. ஒன்றோடொன்று ஒட்டி அப்பிக்கொள்ளும். காற்று எங்காவது ஒரு பொத்தலைப் போட்டுக்கொண்டு அதன் வழியே ஓடிவிடும். மற்ற இலையெல்லாம் வெந்து நாறும். தொழிற்சாலையை நடத்திய டீமேக்கர் எட்டிப் பார்த்து, "கஷாயம் ஆயோ?" என்று, கஷாயம் ஆகிவிட்டதா என மலையாளத்தில் கேட்டுவிட்டுப் போவார். நான் மத்தியானச் சோற்றைத் திறந்து வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் தட்டில் துளைகளைக் கூட்டினேன். பதினோராம் நாள் பெட்டி கொதித்தது. கருஞ்செம்பு நிறத்தில் இலை புரண்டு புரண்டு எழுந்ததைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் துளைகளின் பெருமையை விளக்கி எங்கள் பேராசிரியருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். தினமும் செல்லத்துரை பத்து கிலோ இலையை நிறுத்துக் கொண்டுவந்து மேலே கொட்டுவான். நான் மறுபக்கம் அழுத்தமானியின் முன்னால் குந்தி அளவு எடுப்பேன். இப்படிப் பதினான்கு நாள்.

பிறகு கணக்கில் உட்கார்ந்தேன். உள்ளே போன இலையில் ஈரத்தைக் கழித்தால் மிஞ்ச வேண்டிய தூளைவிட, வெளியே வந்தது தினமும் அரைக்கிலோ கூட. இல்லாத பொருளைக் காற்று உண்டாக்காது. தராசைச் சந்தேகப்பட்டு ரேஷன் கடையில் எடைக்கல் இரவல் வாங்கிச் சரிபார்த்தேன். தராசு நேராகத்தான் இருந்தது.

"செல்லத்துரை, நிறுத்ததுக்கு அப்புறம் இலையில ஏதாச்சும் செஞ்சீங்களா?"

அவன் பரமசிவத்தைப் பார்த்தான். பரமசிவம் கூரையைப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிடாதீக சார். மூணு செரட்ட காஞ்ச தூள நாந்தான் கலந்தேன்."

"எதுக்குங்க?"

"எல ஒட்டிக்கிட்டுல்லா கெடந்துச்சு. புட்டு மாவுல தண்ணி கூடிப்போச்சுன்னா எங்க வீட்டுக்காரி காஞ்ச மாவத் தூவி உதுத்து விடுவா. அதத்தான் செஞ்சேன். பத்து நாளாச் சோறு எறங்காம இருந்தீக. வெறுங்கையோட ஊருக்குப் போவீகளேன்னு எங்களுக்குச் சங்கடமாப் போச்சு."

"என்ற பதினாலு நாள் கணக்கும் போச்சுங்களே!"

"கணக்கு கெடக்கட்டும்," என்றார் பரமசிவம். "மெசினு ஓடுச்சா இல்லையா? அதச் சொல்லும்."

ஓடியது. ஆனால் என் துளைகளால் ஓடவில்லை. அன்று முழுக்க அவர்களிடம் பேசவில்லை. என் முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மறுநாள் காலையில்தான் உறைத்தது: நான் தேடியதே அந்தத் தேங்காய்ச் சிரட்டையில்தான் இருந்தது. மிச்சமிருந்த நாட்களில் தூளையும் நிறுத்து, ஒரு சிரட்டை, இரண்டு, மூன்று, ஐந்து என்று கலந்து பார்த்தோம். இரண்டு போதவில்லை. ஐந்தில் தூள் பறந்தது. மூன்றுதான் சரி. செல்லத்துரையின் மனைவியின் புட்டுமாவு என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமானது. நன்றியுரையில் 'தொழிற்சாலை ஊழியர்கள்' என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டேன்.

பேராசிரியருக்கு ரொம்ப சந்தோஷம். கம்பெனிக்கும் ஒரு பிரதி போகும் என்றும், பழைய டிரையரையும் புதியதையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை சேர்க்கவேண்டும் என்றும் சொன்னார். விறகு, நேரம், தூளின் நிறம், தேவைப்படும் ஆட்கள். கடைசி வரியில் பழையதற்கு ஆறு என்றும் புதியதற்கு இரண்டு என்றும் எழுதினேன். எழுதும்போது அந்த ஆறு பேரை நினைத்தேன் என்று சொன்னால் அது கதை. எண் சரிதானா என்று மட்டும் பார்த்தேன்.

இரண்டு வருடம் கழித்துப் போனபோது மூலையில் இருந்த பெட்டி பத்து மடங்கு பெரிதாகி, பழைய டிரையர் இருந்த இடத்தில் நின்றது. தட்டுகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. லயத்தில் அந்தச் சத்தம் கேட்காமல் குழந்தைகள் சில நாள் தூங்கவில்லையாம். தொழிற்சங்கத்துக்காரர்கள் பேசிப் பேசி, யாரையும் வெளியே அனுப்பாமல் தோட்டத்து வேலைக்கு மாற்ற வைத்திருந்தார்கள். செல்லத்துரையை மருந்தடிக்கும் பம்ப்போடு மேட்டில் பார்த்தேன்.

"வாங்க சார். சும்மா சொல்லக்கூடாது, மெசினு நல்லா ஓடுது. நாங்க தூள் போட்டதுல்லா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு குத்தலைத் தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆறு, இரண்டு என்று எழுதிய நான், கழித்து வந்த மிச்சத்தை அந்த அட்டவணையில் எழுதவில்லை. செல்லத்துரை, தோட்டத்தில் மருந்தடிக்க. மாடசாமி, உரம் சுமக்க. பெரியராசு, செடி வெட்டும் கவாத்துக்கு. பரமசிவம் மலையேற முடியாமல் தென்காசிப் பக்கம் ஊருக்கே போய்விட்டார். ஆக நாலு பேர்.