என் மாத்திரையும் சூட்டியின் சாப்பாட்டுத் தட்டும்

போன வருஷம், மாத்தளையில எங்க வீட்டுல சமைக்கிற குசினியில நடந்தது இது. எங்க பூனைக்குப் பேரு சூட்டி. பதிமூணு வயசு. அந்த வயசுல மத்தப் பூனையெல்லாம் மூலையில படுத்துத் தூங்கும். எங்க சூட்டியோ அலமாரி மேல ஏறி இறங்கிக்கிட்டே இருந்துச்சு. சோறு, கருவாடு, பக்கத்து வீட்டு மீன், எதையும் விடாது. ஆனா தின்னத் தின்ன முதுகெலும்புதான் துருத்திக்கிட்டு வந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா, கண்ணு பட்டிருக்கும்னு கறுப்புக் கயிறு கட்டிவிட்டாங்க. என் வீட்டுக்காரர் வயித்துல பூச்சின்னாரு. ரெண்டும் இல்லன்னு சொல்லி, கூடையில போட்டு டொக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனது நான்தான்.

டொக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுத்து அனுப்பினாரு. முடிவு வந்துச்சு: தைராய்டு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அட, எனக்கும் அதேதானே! வருஷக்கணக்கா காலையில வெறும் வயித்துல மாத்திரை போடுறவ நான். இதுல எனக்குத் தெரியாதது என்ன இருக்கு? அவர் விளக்க விளக்க, சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

அவர் எழுதிக் குடுத்த மாத்திரை டவுன்ல ஒரு பாமசியிலயும் இல்ல. ரெண்டு மூணு நாள்ல எடுத்துத் தாறோம்னாங்க. அதுவரைக்கும் சும்மா இருக்கிறதா? எங்க தெருவுல ஒரு வீட்டுல பிரஷர் மாத்திரை முடிஞ்சா, அடுத்த வீட்டுல கேட்டு வாங்கிப் போட்டுக்குவாங்க. சீனி, தேங்காய் மாதிரிதான் மாத்திரையும். நானும் என் தைராய்டு மாத்திரையில பாதியைத் தூளாக்கி டின்மீன்ல பிசைஞ்சேன்.

வீட்டுக்காரர் தட்டைப் பிடுங்கிட்டாரு. "டொக்டர் வேற மாத்திரைதானே எழுதினாரு? கேக்காமக் குடுக்காத."

எனக்கு வந்துச்சே கோபம்! பூனையைக் கண்டாலே காலால தள்ளிவிடுற மனுஷன், எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டாரு. அவர் தட்டைத் தலைக்கு மேல தூக்க, சூட்டி அவர் இடுப்புல கட்டியிருந்த சாரத்தைப் பிடிச்சு ஏற, நான் கத்த, வீடே ரெண்டாயிருச்சு. சரி, இவர் வாயை அடைக்கணும்னே டொக்டருக்குப் போன் போட்டு, அவருக்கும் கேக்கிற மாதிரி ஸ்பீக்கர்ல வச்சு, என் மாத்திரையைக் குடுக்கலாம்தானேன்னு கேட்டேன்.

"ஐயோ மிஸ், குடுத்துட்டீங்களா?"

இன்னும் இல்லன்னேன். டொக்டர் திரும்பவும் விளக்கினாரு. எனக்குத் தைராய்டு குறைவாச் சுரக்குது. அதை ஈடுகட்டத்தான் என் மாத்திரை. சூட்டிக்கோ அளவுக்கு மேல சுரக்குது. அதனாலதான் அந்தப் பசி, அந்த ஓட்டம், அந்த மெலிவு. "ஏற்கனவே அதோட இதயம் தலைதெறிக்க ஓடுது. இதையும் குடுத்துக்கிட்டே வந்தா தாங்காது"ன்னாரு. நான் டின்மீனைக் கடதாசியில சுத்திக் குப்பையில போட்டுட்டு, சூட்டியை மடியில வச்சுக்கிட்டு அழுதேன். அது என் விரலை நக்கப் பார்த்துச்சு. பதறிப்போய் ஓடிக் கையைக் கழுவினேன்.

மறுநாளே கண்டிக்கு பஸ் ஏறிச் சரியான மாத்திரையை வாங்கிட்டு வந்தேன். காலையும் மாலையும் ஆயுசுக்கும் குடுக்கணும், இடைக்கிடை ரத்தம் பார்க்கணும். குடுக்கிறோம், பார்க்கிறோம். இப்ப முதுகுல சதை பிடிச்சிருக்கு. மத்தியானம் முழுக்க ஜன்னல் வெயில்ல தூங்குது.

அதுவரைக்கும் என் வீட்டுக்காரரோட போட்ட சண்டையில நான் தோத்ததா சரித்திரமே இல்ல. அன்னைக்கும் ஜெயிச்சிருந்தா, என் கையாலயே சூட்டியைக் கொன்னிருப்பேன். தோத்ததுக்காக நான் இன்னைக்கும் சந்தோஷப்படுற ஒரே சண்டை அதுதான்.