காலி டியூபில் கறிவேப்பிலை

எனக்கு டிரையரில் காய்ந்த துணி பிடிக்காது. அமெரிக்கா வந்து இத்தனை வருடமாகியும் பிடிக்கவில்லை. மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் டவுன்ஹவுஸில் வெளியே கொடி கட்டக் கூடாது. கட்டினால் அசோசியேஷன்காரன் கடிதம் போடுவான். அதனால் ஹாலில், தெற்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே ஒரு ஸ்டாண்டு வைத்து அதில் காயப்போடுவேன். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெயில் விழுகிற ஒரே இடம் அதுதான். கறிவேப்பிலைத் தொட்டியும் அங்கேதான் இருக்கும். குளிர் தொடங்குவதற்குள் அதை உள்ளே தூக்கி வைக்காவிட்டால் செத்துப்போகும் என்பது இங்கே இருக்கிற தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும்.

துணியைப் பற்றி முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் வேலையில் துணி முக்கியம்.

நான் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். அலாஸ்காவில் உறைந்துகிடக்கும் ஏரிகளில் துளை போட்டு, அடியில் உள்ள சேற்றை நீளக் குழாயில் எடுத்து வருவார்கள். சேறு அடுக்கு அடுக்காக இருக்கும். கீழே போகப் போகப் பழையது. ஏரியைச் சுற்றி எந்தக் காலத்திலோ நின்ற மரங்களின் இலையும் வேரும் அதில் மக்கியிருக்கும். மக்கினாலும் டிஎன்ஏ துண்டு துண்டாக மிஞ்சும். அதைப் பிரித்துப் படித்தால் எப்போது எந்த மரம் அங்கே இருந்தது, காடு எப்படி இடம் மாறியது என்று தெரியும். பிரித்தெடுப்பதுதான் என் வேலை.

பழைய டிஎன்ஏ துளியூண்டுதான் இருக்கும். புதியது ஒரு தூசி விழுந்தாலும் அதை அமுக்கிவிடும். அதனால் காலையில் தலைக்குக் குளித்து, துவைத்த துணி போட்டு, வேறெங்கும் நுழையாமல் வர வேண்டும். அதற்கு மேல் உடம்பு முழுக்க மூடும் அங்கி, இரட்டைக் கையுறை, முகமூடி. மேஜையை பிளீச் போட்டுத் துடைப்போம். ஒவ்வொரு தடவையும் சேறே போடாத ஒரு காலி டியூபையும் சேர்த்து அதே சோதனையில் ஓட்டுவோம். அதில் ஒன்றும் வரக் கூடாது. வந்தால் நம் அழுக்கு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

சுத்தத்தில் நான் பெயர் வாங்கியவள். மற்றவர்களைத் திட்டித்தான் அந்தப் பெயரை வாங்கினேன்.

அந்த வருடம் என்னிடம் வந்த சேறு ஒரு கோயம்புத்தூர்ப் பெண்ணுடையது. பிஎச்டி மாணவி. முழங்கால் பனியில் நின்று அவளே துளை போட்டு எடுத்தது. கோடையில் முடித்துவிடுவேன் என்று வீட்டுக்குச் சொல்லியிருந்தாள். முடித்தால்தான் கல்யாணம் என்று அவள் போட்டிருந்த நிபந்தனையை வீட்டில் கஷ்டப்பட்டு ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரியில் ரிசல்ட் வந்தது. பேராசிரியர் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். மிகக் கீழே, பழைய அடுக்கு ஒன்றில் ஸ்புரூஸ் இருந்தது. ஸ்புரூஸ் என்பது வடக்குக் காடுகளின் ஊசியிலை மரம். பனிப்பாறைகள் விலகிய பிறகு, அது தெற்கிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து அந்தப் பக்கம் வந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அதற்கு வெகு முன்பே அது அங்கே இருந்ததாக இந்தச் சேறு சொன்னது. அப்படியானால் அந்தக் குளிரிலும் எங்கோ ஒரு கூட்டம் பிழைத்துக் கிடந்திருக்க வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பேராசிரியர் பட்டியலை இன்னும் கீழே இறக்கினார். ஒரு லத்தீன் பெயர் வந்தது. இது என்ன செடி என்று கேட்டார். அவளும் நானும் ஒரே நேரத்தில் தலை குனிந்தோம். கறிவேப்பிலை. அலாஸ்கா ஏரிச் சேற்றில் கறிவேப்பிலை. காலி டியூபிலும் கறிவேப்பிலை.

யாரோ சிரித்தார்கள். அத்தனை முகமும் எங்கள் இரண்டு பேர் பக்கம் திரும்பியது. சாப்பாட்டு விஷயத்தில் எல்லோரும் கொஞ்சம் கவனமாக இருப்போம் என்றார் பேராசிரியர். எல்லோரும் என்றுதான் சொன்னார், ஆனால் எங்களைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் காது எரிந்தது.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"காலையில தாளிச்சுட்டு அப்படியே வந்து நின்னியாடி? எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

"நான் அந்த ரூமுக்குள்ளயே வரலீங்க்கா. எல்லாம் நீங்கதான பண்ணுனீங்க?"

"டியூப்ல நீ ஒட்டுன லேபிள் உள்ள வந்துச்சுல்ல?"

"அக்கா, என்ற ரூம்ல கறிவேப்பிலை ஏதுங்க? நீங்க குடுத்தாத்தான் உண்டு. போன மாசம் நீங்க மறந்துட்டீங்க. நான் வெறும் கடுகு போட்டு ரசம் வெச்சுக் குடிச்சுட்டிருக்கறேன்."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்குப் போனேன். தொட்டிச் செடி பாதி மொட்டையாக நின்றது. குளிரில் இலை கொட்டும். ஸ்டாண்டில் என் வேலைத்துணி. சட்டை மடிப்பில் ஒரு காய்ந்த இலை. என் கணவர் சோபாவில் இருந்தார்.

"துணி மேல இலை விழுறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கத்துவ. அதான் தட்டிவிட்டு மடிச்சு வச்சேன். இலை பரவால்ல, எடுத்துடலாம். அந்தக் கிறிஸ்துமஸ் மரத்து ஊசிதான் ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது. மரத்தத் தூக்கிப் போட்டப்புறமும் வேக்யூம் பண்ணிட்டே இருக்கேன்."

மகள் ஆசைப்பட்டாள் என்று டிசம்பரில் நிஜ மரம் வாங்கி அந்த ஜன்னல் ஓரத்தில்தான் வைத்திருந்தோம். துணி ஸ்டாண்டை ஒட்டி. நான் சேற்றைப் பிரித்ததும் அதே டிசம்பரில்தான்.

"அது என்ன மரம்?"

"எனக்கென்ன தெரியும்? பச்சையா இருந்துச்சு."

மாடிப்படியிலிருந்து மகள் குரல் வந்தது. "இட்ஸ் எ ஸ்புரூஸ், அம்மா. தட் மேன் டோல்ட் அஸ். யூ பிக்ட் இட்!"

ஆமாம். ஊசி அடர்த்தியாக இருக்கிறது என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

காலி டியூபில் ஸ்புரூஸும் இருந்தது. கொஞ்சம்தான். திரையில் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மெஷின் கோளாறாக இருக்கும் என்று சொல்லித் தாண்டிப் போய்விட்டோம். கறிவேப்பிலைக்கு அங்கே வேலை இல்லை, அதனால் மாட்டிக்கொண்டது. ஸ்புரூஸ் அந்த ஊர் மரம். அதை யாரும் நீ எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை. எங்களைப் பார்த்துத் திரும்பிய முகங்களில் ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் முகமும் திரும்பவில்லை. இத்தனைக்கும் அதுதான் என் தொழில்.

மறுநாள் பேராசிரியர் அறையில் அவளையும் உட்காரவைத்துச் சொன்னேன். செடி, ஜன்னல், ஸ்டாண்டு, மரம் எல்லாம். ஈரத்துணியைப் பற்றி ஆங்கிலத்தில் விளக்குவது எனக்கே அசிங்கமாக இருந்தது. டிரையர் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. குளிர் அறையில் அந்தச் சேற்றின் மறுபாதி இருந்தது. அதை அவளே பிரிக்கட்டும் என்றார். நீங்கள் தொட வேண்டாம் என்பதை மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையில்லாமல் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

அவள் பிரிக்காத பொட்டலத்தில் புதுத்துணி வாங்கி வந்தாள். நான் வெளியே உட்கார்ந்து டியூப் பெட்டிகளை அடுக்கினேன்.

இந்தத் தடவை காலி டியூப் காலியாக இருந்தது. கறிவேப்பிலை இல்லை. அந்தப் பழைய அடுக்கில் ஸ்புரூஸும் இல்லை. வில்லோப் புதர் இருந்தது, குட்டை பர்ச் செடி இருந்தது, புல் இருந்தது. ஸ்புரூஸ் வெகு மேலே, எல்லோரும் எப்போதும் சொல்லிவந்த இடத்தில்தான் தொடங்கியது. குளிரில் பிழைத்துக் கிடந்த கூட்டம் என்று ஒன்று அந்த ஏரிக்கரையில் இல்லை. என் ஹாலில் இருந்தது.

அவள் திரையைப் பார்த்துத் தலையாட்டினாள். ஆய்வில் புதிதாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சாததால் வேறு ஏரிக்கு, இன்னொரு குளிர்காலம் போக வேண்டும் என்று முடிவாயிற்று. "பரவாயில்லீங்க்கா, தப்பா எழுதறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே" என்றாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் அவள் இடத்தில் இருந்தால் கட்டடமே அதிரக் கத்தியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செடியில் மிஞ்சியிருந்ததைப் பறித்து ஜிப்லாக் பையில் போட்டுக்கொண்டு அவள் அபார்ட்மென்டுக்குப் போனேன். வேறு எதைக் கொண்டுபோவது என்று தெரியவில்லை. கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா, இந்தக் கோடைக்கு முடியாது... நான் என்னம்மா பண்ணட்டும்? மெஷின் கெட்டுப்போச்சு... ஆமா, எல்லாத்தையும் மறுக்கா பண்ணோணும்... யாரும் ஒன்னும் பண்ணல. மெஷின்னா கெடத்தான் செய்யும். மாப்பிள்ளை வீட்ல நீயே சொல்லீரு."

திரும்பினாள். என்னைப் பார்த்தாள். போனை வைக்கவில்லை.

"வாங்க்கா, அம்மாதான். கறிவேப்பிலை குடுக்கற அக்கா நல்லாருக்காங்களான்னு கேக்கறாங்க. ஸ்பீக்கர்ல போடட்டுங்களா?"

நான் பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கேம்மா" என்றேன்.