தம்பியின் எம்.பி.

நான் ஒரு நாளும் நேரில் காணாத ஒரு மனிதரின் உத்தியோகத்தை நினைத்து, என் கணவரின் உத்தியோகத்துக்குக் கவலைப்பட்டதைவிட அதிகம் கவலைப்பட்டிருக்கிறேன். அவர் ஸ்கொட்லாந்தில் ஒரு எம்.பி. நான் மொன்றியலில், சென்ட் லோரன்டில் உள்ள ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசைப் பெட்டி அடைப்பவள். எங்கள் இருவரையும் முடிந்து வைத்தவன் என் தம்பி.

தம்பி கிளாஸ்கோவில் அகதி வழக்குப் போட்டுத் தோற்றவன். திருப்பி அனுப்ப விமானச் சீட்டுவரை வந்துவிட்டது. கூட இருந்தவர்கள் சொல்லி, அவன் தன் தொகுதி எம்.பி.யைப் போய்ப் பார்த்தான். அந்த மனிதர் மந்திரிக்கு எழுதினார், திரும்பவும் எழுதினார், தொலைபேசியில் துரத்தினார். கடைசியில், புதிய ஆதாரங்களைப் பார்த்து முடிக்கும்வரை அனுப்பமாட்டோம் என்று பதில் வந்தது. விடுதலை இல்லை, தவணைதான். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அவன் குடிவரவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். வைக்கப் போனவர்களில் சிலரை அப்படியே பிடித்து வைத்துக்கொள்வதும் உண்டு.

எங்கள் தொழிற்சாலையில் கைத்தொலைபேசியை அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கையெழுத்து நாட்களில் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் குளிசை அடைப்பேன். இடைவேளைக்கு மணி அடித்ததும் அலுமாரிக்கு ஓடுவேன். ‘வந்திட்டன்’ என்று ஒரு சொல் கிடந்தால்தான் சாப்பாடு இறங்கும்.

அந்த எம்.பி.யின் சரித்திரம் எனக்கு மனப்பாடம். தகப்பன் கப்பல் கட்டுகிற தளத்தில் வேலை செய்தவர். இவர் முதலில் தபால்காரர், பிறகு தொழிற்சங்கம், பிறகு நகரசபை. முதல் தடவை தேர்தலில் தோற்று, அடுத்த தடவை நூலிழையில் வென்றவர். ஸ்கொட்லாந்து தனி நாடாகப் போகவேண்டும் என்று கேட்கிற கட்சி. அதைக் கேட்டு என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் எங்கே போய் இறங்கினாலும் அங்கே பிரிந்துபோகக் கேட்கிற சனம் நின்று வரவேற்கிறது என்றார். கியூபெக்கில் இருந்துகொண்டு அதை மறுக்க என்னால் முடியவில்லை.

ஒருநாள் அந்த எம்.பி. பாராளுமன்றத்தில் எழும்பித் தம்பியின் விஷயத்தைக் கேட்டார். பெயர் சொல்லவில்லை. நான் இடைவேளையில் சாப்பாட்டு அறையில் இருந்து கைத்தொலைபேசியில் பார்த்தேன். அவர் பேசிய ஸ்கொட்லாந்து ஆங்கிலத்தில் எனக்குப் பிடிபட்டது ‘ஸ்ரீலங்கா’ ஒன்றுதான். மந்திரி சொன்ன பதில் நன்றாக விளங்கியது, ஆனால் அதில் ஒன்றும் இருக்கவில்லை. இருந்தாலும் அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைக்காக எந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் யார் எழும்பி நின்றிருக்கிறார்கள்?

தம்பி அதோடு சும்மா இருக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு நன்றி சொல்லத் தெரிந்த ஒரே வழி பொன்னாடைதானே. லண்டனிலிருந்து ஒன்றைத் தபாலில் எடுப்பித்து, மாலையும் கட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை அவர் சனங்களைச் சந்திக்கிற நூலக மண்டபத்துக்குப் போய், வரிசையில் நின்றவர்கள் வாய் பிளக்க, போர்த்தியே விட்டான். படத்தில் அந்த மனிதரின் காது இரண்டும் சிவந்து கிடந்தன. படம் முகநூலில் ஏறியது. டொரோண்டோ, பாரிஸ், யாழ்ப்பாணம் என்று சொந்தம் முழுக்க விருப்பம் போட்டது. நானும் போட்டேன்.

பிறகு தேர்தல் வந்தது. தம்பி அவருக்காக வீடு வீடாகப் படி ஏறி இறங்கி நோட்டீஸ் போட்டான். நான் இங்கே கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்கு ஐயர் நட்சத்திரம் கேட்டார். இணையத்தில் பிறந்த தேதி இருந்தது, நேரம் இல்லை. வெள்ளைக்காரர் என்று சொல்லவேண்டி வந்தது. ஐயர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, பெயரின் முதலெழுத்தை வைத்து ஒரு நட்சத்திரம் கொடுத்து, சிவகோத்திரம் என்று முடித்துவிட்டார்.

முடிவு சொன்னபோது அங்கே நடுச்சாமம் கடந்துவிட்டது. மொன்றியலில் கோடை வெளிச்சம் இன்னும் ஜன்னலில் நின்றது. மேடையில் வேட்பாளர்கள் எல்லோரையும் நிரையாக நிறுத்தி வைத்து ஒரு அதிகாரி வாக்குகளை வாசித்தார். எங்கள் மனிதர் தோற்றார். பக்கத்தில் நின்ற பெண் வென்றாள். அவர் திரும்பி அவளுக்குக் கைகொடுத்ததைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. சட்டியைக் கழுவுகிறேன் என்று சொல்லிக்கொண்டு போய்க் குசினியில் அழுதேன்.

அவர் தோற்றது ஒரு இடி. மற்ற இடி பிறகுதான் விழுந்தது. பழைய எம்.பி. பார்த்துக்கொண்டிருந்த வழக்குகள் தானாகப் புதியவரிடம் போகாது, ஆள் நேரில் போய்ச் சம்மதம் கொடுத்துக் கேட்கவேண்டும், அதுவும் அடுத்த கையெழுத்துக்கு முன்னர் கேட்டுவிடுவது நல்லது என்று தம்பியின் சட்டத்தரணி சொல்லியிருந்தார். தம்பி போகவில்லை. முகநூலில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். நான் கோட் வெர்ட்டு மெட்ரோ வாசலில் நின்று, சனம் திரும்பிப் பார்க்க, தொலைபேசியில் அவனோடு சண்டை பிடித்தேன்.

“நான் அவற்ற ஆள் அக்கா. ஊருக்கே தெரியும். இனி அந்த மனுசி என்னைக் கண்டா வாயை மூடிக்கொண்டு இருப்பாவோ? பிடிச்சுக் குடுப்பா.”

மடையா என்று திட்டினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே பயம். எங்கள் ஊரில் ஒருவரின் ஆள் என்று பெயரெடுத்தால், அவர் தோற்ற மறுநாளே நீங்கள் செத்தவர் கணக்கு. எங்கள் மாமா ஒரு எம்.பி.க்குப் போஸ்டர் ஒட்டிய வாத்தியார். எம்.பி. தோற்றதும் மாமாவுக்கு மாற்றல் வந்தது, பஸ் போகாத ஒரு காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு. அவர் அங்கேயே மலேரியா பிடித்துத் தேய்ந்தார். இதை அறிந்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு, பயப்படாதே என்று எந்த வாயால் சொல்வது?

கையெழுத்து நாள் கிட்டக் கிட்ட எனக்கு நித்திரை போனது. தொழிற்சாலையில் குளிசைகளைப் பெட்டி மாற்றிப் போட்டு, மேற்பார்வையாளரிடம் பிரெஞ்சில் பேச்சு வாங்கினேன். என்ன சொல்லித் திட்டினாள் என்றுகூடக் காதில் ஏறவில்லை.

பிறகு ஒருநாள் இடைவேளைக்கு ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்தால், தம்பியிடமிருந்து தவறிய அழைப்புகள் நிரம்பிக் கிடந்தன. திருப்பி அழைத்தேன். அவன் நன்றாகத்தான் இருந்தான். தோற்ற எம்.பி. தன் அலுவலகத்தைக் காலி செய்துகொண்டிருந்த நேரத்தில், நீ இன்னும் புதியவரிடம் போகவில்லையாமே என்று அவனைக் கூப்பிட்டிருக்கிறார். தம்பி மழுப்பப் பார்த்து, முடியாமல் உள்ளதைச் சொல்லிவிட்டான். அந்த மனிதர் சிரிக்கவில்லையாம். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கீழே வா என்றாராம். தம்பியின் வாசலுக்கே வந்து, பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், தன்னைத் தோற்கடித்த பெண்ணின் அலுவலகத்தில், காத்திருக்கிற சனத்தோடு சனமாக ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாராம். அங்கே வேலை செய்தவர்கள் அவரைக் கண்டு எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் தடுமாறினார்களாம்.

“அந்த மனுசி என்னைப் பாத்தவுடன, உங்களை எனக்குத் தெரியும், என்ர அம்மாவின்ர வீட்டுக் கதவில நோட்டீஸ் போட்ட ஆள் நீங்கள்தானே எண்டா. நான் திரும்பி வாசலைப் பாத்தன் அக்கா. பேந்து கதிரையை இழுத்துப் போட்டு, முதல்ல இருந்து சொல்லுங்கோ எண்டா.”

அவள் அன்றே எழுதினாள். அவன் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அதற்குப் பிறகும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறான். வழக்கு முடியவில்லை. அந்தப் பெண் கெட்டிக்காரி. அவர் மந்திரியைத் துரத்தியதைவிட இவள் வேகமாகத் துரத்துகிறாள். இப்போது நான் இவளுடைய சரித்திரத்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன்.

போன கிழமை தம்பி தொலைபேசியில் எடுத்தான். பழையவரைக் கடைத்தெருவில் கண்டானாம். அடுத்த தேர்தலில் அதே தொகுதியில் திரும்ப நிற்கப்போவதாகச் சொன்னாராம்.

“நீ என்ன சொன்னனி?”

“சந்தோசம் எண்டனான்.” பிறகு கேட்டான், “அக்கா, அவர் வெண்டா நான் திரும்பவும் முதல்ல இருந்து தொடங்கவேணுமோ?”

எனக்குத் தெரியாது என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் குசினியில் இருந்தேன். அந்த நல்ல மனிதர் இன்னொரு முறையும் தோற்கவேண்டும் என்று என் மனம் கேட்டுக்கொண்டிருந்தது. நிறுத்து என்றேன். நிற்கவில்லை.