கதவை அடைத்த துணிப்பொதிகள்

சபையிலுள்ள அக்கா தங்கைகளே, ஒரு சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறேன். இன்றைக்கும் மலைப்பக்கம் வானம் கறுத்தால் வாசலுக்கு ஓடிப்போய் ஓடையைப் பார்க்கிறேன்.

இராஜபாளையத்தில் ஓடையை ஒட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் தண்ணீர் வருவது புதிதல்ல. கணவருக்கு மில் வேலை. நான் வீட்டிலிருந்தே பேண்டேஜ் துணி மடித்துச் சுருட்டிக் கொடுக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை மத்தியானம். அவர் மில்லில் இருந்தார். மழைக்கு லீவு விட்டதால் மகள் என்னோடு வீட்டில் இருந்தாள். எல்லோரையும் பாதுகாப்புக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். நான் போகவில்லை. சொல்லக் கூச்சம்தான், ஆனாலும் சொல்கிறேன். அன்று எனக்கு மாதவிலக்கு. முந்தின வருஷம் அந்தப் பள்ளிக்கூடக் கக்கூஸில் தாழ்ப்பாளே இல்லை. வெளியே ஆம்பளைகள் கூட்டம். அங்கே போவதற்குப் பயந்து, ரெண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தேன். இந்தத் தடவை வீடே போதும் என்று இருந்துவிட்டேன்.

தண்ணீர் வாசலுக்கு வந்தது. நல்ல துணியைப் பரணில் ஏற்றினேன். கழிவுத் துணிப் பொதிகளைப் பெரிய புத்திசாலி மாதிரி கதவுக்கு உள்பக்கம் அடுக்கி அடைத்தேன். ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே செய்த துணி அது. தினமும் அதிலேயே புழங்குகிற எனக்கு அது உறைக்கவில்லை, பாருங்கள்!

செத்த நேரத்தில் ஒவ்வொரு பொதியும் அம்மிக்கல்லாகக் கனத்தது. கதவோ உள்பக்கம் திறப்பது. இழுத்தேன், அசையவில்லை. ஜன்னலில் கம்பி. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. கட்டில்மேல் நின்ற என் ஏழு வயது மகள் ஜெபா, "எம்மா, நாம செத்துப் போவமா?" என்று கேட்டாள். ஐயோ, அந்தக் கேள்வி! ஒரு வேத வசனம்கூட என் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, ஒரு ஆம்பளைய அனுப்பும்!" என்று மட்டும் கத்தினேன். திரும்பத் திரும்ப அதையேதான் கத்தினேன்.

தலைக்கு மேலே ஓடு உடைந்தது. பக்கத்து வீட்டு மாரியம்மாள் அக்கா! என் சத்தம் கேட்டு, தன் மாடியிலிருந்து எங்கள் கூரைக்கு இறங்கியிருந்தார்.

"ஏட்டி எஸ்தரு, பயப்படாத! பரண்ல காஞ்ச துணி கெடக்குல்ல? மூணு பிரி கயிறா முறுக்கி மேல எறி!"

முறுக்கினேன். ஒரு நுனியைப் பிள்ளை இடுப்பில் கட்டி, மறு நுனியை மேலே எறிந்தேன். முதலில் பிள்ளையை இழுத்தார்கள் அக்காவும் அவர் மருமகளும். பொறவு நான் பரணில் கால் வைத்து ஏறினேன். நனைந்த நைட்டியும் கறையுமாக நின்றேன். "ஒண்ணுமில்லட்டி, இங்க அம்புட்டு பேரும் பொம்பளைகதான்" என்று அக்கா ஒரு சேலையைச் சுற்றிவிட்டார். அப்போதுதான் அழுதேன்.

இப்போது மழைக்கு முன்னாலேயே எங்கள் தெருப் பெண்கள் கூடிப் பேசுகிறோம். வீட்டுக்கொரு விசில், நல்ல கயிறு எல்லாம் தயார். பள்ளிக்கூடத்தில் போய் நின்று, சண்டை போட்டுத் தாழ்ப்பாள் வைக்கச் செய்தோம். மைக் சத்தம் கேட்டதும் கிளம்பிவிடுகிறோம். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. பயத்தோடுதான் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

நான் ஆம்பளையைக் கேட்டேன். ஆண்டவர் மாரியம்மாள் அக்காவை அனுப்பினார். சகோதரிகளே, ஆபத்தில் கூச்சப்படாமல் வாய்விட்டுக் கூப்பிடுங்கள். அவருக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.