உளையில் இறங்கிய செவலை

எங்கள் ஏரியைப் பறவைகள் சரணாலயமாக்கிய பிறகு மாடுகள் உள்ளே போகக் கூடாது என்று சட்டம் வந்தது. மனிதர்களுக்குச் சொன்னார்கள்; மாடுகளுக்கு யாரும் சொல்லவில்லை. தை மாதம் தண்ணீர் உள்வாங்கி, ஓரமெல்லாம் அருகும் கோரையும் பச்சைப் பசேலென்று கிளம்பும்போது எங்கள் செவலைப் பசுவைக் கட்டி வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நிறைசினை வேறு.

அன்று சாயங்காலம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அக்காவும் நானும் பின்னாலேயே ஓடினோம். எனக்கு ஏழு வயது. ஏரிக்குள் கோரை நிற்கும் இடத்தில் கால் நிற்கும், ஆகாயத்தாமரை படர்ந்த இடத்தில் அடி கிடையாது என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். செவலைக்குத் தெரியவில்லை. ஊதாப் பூக்களுக்கு நடுவே வயிறு வரை உளைச் சேற்றில் இறங்கிவிட்டிருந்தது. திமிறத் திமிற இன்னும் இறங்கியது. பக்கத்து இலைமேல் ஒரு இலைக்கோழி நிதானமாக நடந்து பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

அக்கா போனில் அப்பாவைக் கூப்பிட்டாள். அரியலூரிலிருந்து பைக்கில் கிளம்பிவிட்டேன் என்றார்.

கூப்பிடு தூரத்தில் சித்தப்பா மட்டும்தான் இருந்தார். அவர் அங்கே வாட்சர்; உள்ளே வரும் மாட்டைப் பிடித்துக் கொடுப்பதுதான் வேலை. போதாக்குறைக்கு வரப்புத் தகராறில் அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்று, அவர் கல்யாணத்துக்குக்கூட நாங்கள் போகவில்லை.

"அவரக் கூப்புடாத. அப்பா கொன்னுடுவாரு" என்றாள் அக்கா.

செவலை கத்தியது. நான் அதைவிடப் பலமாக "சித்தப்பா!" என்று கத்தினேன். கருவேல மரங்களில் அடைந்திருந்த நாரைகளெல்லாம் எழும்பிப் பறந்தன.

வந்தார். எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஏரியையே தின்றுகொண்டிருந்த நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டிக் கரையில் குவித்திருந்தார்கள். அந்தக் குச்சிகளை இழுத்து வந்து உளைமேல் பரப்பி, அதன்மேல் குப்புறப் படுத்து, பசுவின் நெஞ்சுக்கடியில் கயிற்றை நுழைத்தார்.

"தலையத் தூக்குடி. ஒன்னக் கட்டிப்போட வூட்டுல ஒரு நல்ல கயிறு இல்லையா?" என்று பசுவைக் கேட்டார்.

அப்பா வந்து சேர்ந்தபோது அதன் முதுகும் தலையும்தான் வெளியே தெரிந்தன. மூச்சு சீறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அப்பா தம்பியைப் பார்த்தார். இரண்டு பேரும் அடித்துக்கொண்டு பசுவை விட்டுவிடுவார்களோ என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

"சேந்து இழுத்தாத்தான் வரும்னு சொல்லு" என்றார் சித்தப்பா, பசுவிடம்.

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லு" என்றார் அப்பா, அதே பசுவிடம்.

"மாடு எப்புடிச் சொல்லும்?" என்று கேட்டேன். அக்கா தொடையில் கிள்ளினாள்.

கயிறு இரண்டு பேர் உள்ளங்கையையும் அறுத்தது. ஒருவழியாக உளை விட்டுக்கொடுத்தது. செவலை கோரையின்மேல் சரிந்து விழுந்து அப்படியே கிடந்தது. சித்தப்பா அதன் வயிற்றில் கையை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"கன்னு அசையுது" என்றார். இதை மட்டும் பசுவைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்பா துண்டால் செவலையின் முகத்தைத் துடைத்தார். "வர்ற வெள்ளிக்கெழம சின்னவளுக்குக் காதுகுத்து. பொண்டாட்டிய அழச்சுக்கிட்டு வரச் சொல்லு."

சித்தப்பா சேற்றுக் கையைக் கோரையில் துடைத்துக்கொண்டே இருந்தார். "வரேன்னு சொல்லு. இன்னொரு தடவ உள்ள வந்தா ஆபீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவேன்னும் சொல்லு."

வீடு வரும்வரை நான் அழுதேன். நான் கூப்பிட்டதும் ஓடி வந்தவர் சித்தப்பா. அவரை ஒரு வார்த்தை கூப்பிடாமல் அப்பா மாட்டைப் போய் என் காதுகுத்துக்கு அழைக்கிறாரே, மாட்டுக்கு ஏது பொண்டாட்டி? முன்னால் செவலையைப் பிடித்துக்கொண்டு நடந்த அப்பாவும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் வந்தார். அவருக்கும் அதே வருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.